தலைக்குத் தண்ணீர் ஊற்றிய நாள்

மிஸஸ் ஹாலம் வீட்டில் குழந்தைக்கு அம்மை போட்டிருக்கிறது என்று தெரிந்த மறுநாள் காலையில், எதிர்வீட்டுக்காரி தன் இரண்டு பிள்ளைகளுக்கும் தலை சீவி, நல்ல சட்டை போட்டு, கையில் ஒரு தட்டு கேக்கும் கொடுத்து, அந்தக் குழந்தையோடு விளையாட அனுப்பிவைத்தாள். நான் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்த பிள்ளைகள் ஸூசனின் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, அவள் கடித்த கேக்கையே கடித்துத் தின்றன. ஓடிப்போய் விலக்கிவிடலாமா என்று எனக்குக் கை பரபரத்தது. மிஸஸ் ஹாலம் சிரித்தார். சின்ன வயதிலேயே வந்து தொலைந்துவிட்டால் நல்லது, பெரியவர்களானபின் வந்தால்தான் கஷ்டம், அதனால் இங்கே பிள்ளைகளைத் தேடி அனுப்புவார்கள் என்றார். கடம்பத்தூரில் வாசலில் வேப்பிலை தொங்கினால் சொந்தக்காரர்கள்கூட தெருமுனையோடு திரும்பிப் போய்விடுவார்கள். இந்த ஊரில் கேக்கோடு வருகிறார்கள்.

இது எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது. வட இங்கிலாந்தில் பஞ்சாலைகள் நிறைந்த ஒரு நகரத்தில், மிஸஸ் ஹாலத்தின் மாடியறையில் நான் குடியிருந்தேன். அவர் கணவர் லாரி ஓட்டிக்கொண்டு வாரத்தில் ஐந்து நாள் வெளியூரில் இருப்பவர். மகள் ஸூசனுக்கு ஆறு வயது. நானோ பல்கலைக்கழகத்தில் வைரஸும் மனித உடம்பும் போடுகிற சண்டையைக் கணக்காக எழுதிப் பார்க்கிற வேலையில் இருந்தேன். ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். என் அப்பாவே, கடம்பத்தூரில் நெல் விளைவிப்பவர், நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம், "அம்மா வந்து எறங்குறதுக்கு இன்னா கணக்குமா கீது? அவ இஷ்டத்துக்கு வருவா, அவ இஷ்டத்துக்குப் போவா" என்றுதான் சொன்னார்.

ஸூசனுக்குக் கொப்புளம் கண்ட முதல் நாளே சமையலறையில் பன்றிக்கறி பொரியும் சத்தம் கேட்டது. அம்மை கண்ட வீட்டில் தாளிக்கிற வாசனைகூட வரக்கூடாது என்று வளர்ந்தவள் நான். பொரிக்கவேண்டாமே என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். மிஸஸ் ஹாலம் முகம் சிவந்து, உன் மதத்துக்கு ஆகாது என்று முன்பே சொல்லியிருக்கக்கூடாதா என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு, கறியை எடுத்துவைத்துவிட்டு அதே சட்டியில் முட்டை பொரித்தார். "உனக்கு இது வந்திருக்கிறதா?" என்று பிறகு கேட்டார். "அவள் என்னிடம் இதுவரை வந்ததில்லை" என்றேன். "யார் வந்ததில்லை?" என்று அவர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். 

என் கணக்கை எளிமையாகச் சொல்லிவிடுகிறேன். அடுப்பில் பால் பொங்குகிறது, அடுத்த அறையில் இருப்பவர் ஓடிவந்து தீயைத் தணிக்கவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வைரஸ் பெருகுவது பால் பொங்குவது. உடம்பு தயாரிக்கிற எதிர்ப்புப் பொருள், தீயைத் தணிக்க வருகிற ஆள். வருகிறவர் உடனே வந்துவிட்டால் பால் ஒரே முறை எழுந்து அடங்கிவிடும். தாமதமாக வருகிறவராக இருந்தால் பதறிப்போய்த் தீயை அளவுக்குமேல் குறைப்பார், பால் தணிந்ததும் மறுபடி ஏற்றுவார், அது மறுபடி பொங்கும். ஏறுவதும் இறங்குவதுமாக ஒரு அலை உண்டாகிவிடும். இரண்டு சமன்பாடுகளில் இதை எழுதலாம். ஆனால் நிஜமான உடம்பில் அலை உண்டா இல்லையா என்று பார்க்க, நிஜமான மனிதர்களுக்கு எத்தனையாவது நாளில் அம்மை இறங்கியது என்று தெரியவேண்டும். ஆய்வுக்கூடங்களில் எலிக்கும் முயலுக்கும் கணக்கு இருந்தது. மனிதக் கணக்கு என்னிடம் இருந்தது. ஒரு பழுப்பு அட்டை நோட்டுப் புத்தகத்தில், என் கையெழுத்தில், நானூறு வீட்டுக்குமேல்.

அந்த நோட்டு வந்த கதை இது. கணக்கில் பட்டம் வாங்கியபின் அறுபதுகளின் கடைசியில் திருவள்ளூரில் ஒரு சுகாதார அலுவலகத்தில் புள்ளிவிவர எழுத்தராக இருந்தேன். பெரியம்மையை ஒழிக்கிற காலம். எந்த வீட்டில் அம்மை என்று சேதி வந்தாலும் அது பெரியதா சின்னதா என்று போய்ப் பார்க்கவேண்டும். அநேகமாக எல்லாம் சின்னம்மையாகத்தான் இருக்கும். அம்மை குத்துகிற முனுசாமி அண்ணனோடு, அலுவலக ஜீப்பிலும் ஜீப் கிடைக்காத நாளில் பஸ்ஸிலும், கும்மிடிப்பூண்டி வரைக்கும், பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்கள் வரைக்கும் போயிருக்கிறேன். நோய் எப்போது வந்தது என்று கேட்டால் கதவு சாத்திவிடுவார்கள். தாயை நோய் என்று சொல்வதா? முனுசாமி அண்ணன் கெட்டிக்காரர். வாசலுக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டு, கும்பிட்டுவிட்டு, "அம்மா எப்ப வந்தாங்க? தலைக்குத் தண்ணி எத்தினியாம் நாளு ஊத்தினீங்க?" என்பார். அவ்வளவுதான், வீட்டுப் பெண்கள் மளமளவென்று சொல்லிவிடுவார்கள். கொப்புளம் காய்ந்தபின் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைத் தலையில் ஊற்றி, கூழ் காய்ச்சி அம்மாவை வழியனுப்புகிற நாள் அது. கல்யாண நாளைப்போல மறக்கமாட்டார்கள். ஒரு குப்பத்தில் ஒரு அம்மாள் தன் ஐந்து பிள்ளைகளுக்கும் தண்ணீர் ஊற்றிய நாளை வலையைப் பிரித்துக்கொண்டே ஒப்பித்தார். அம்மா வீட்டில் இருந்தவரை புருஷன் ஏரியில் இறங்கவில்லை என்பதால் ஒவ்வொரு நாளும் அவருக்கு நினைவில் இருந்தது. நான் எழுதிக்கொண்டே போனேன். அதிகாரியிடம் அனுமதி கேட்டு, பெயர்களை விட்டுவிட்டு நாட்களை மட்டும் என் நோட்டில் பிரதி எடுத்துக்கொண்டேன். அந்த நோட்டைப் பற்றி எழுதிய நாலு பக்கக் கடிதம்தான் என்னை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தது.

வீட்டில் ஒப்புக்கொள்ள வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "படிச்சிக்கினே இருந்தா கண்ணாலம் எப்பமா? மூணு வருசம். அதுக்குமேல ஒரு நாளு கெடையாது" என்றார் நைனா. அந்த மூன்று வருடமும் முழுசாகக் கையில் இல்லை. உதவித்தொகை இரண்டு வருடத்துக்குத்தான். மூன்றாவது வருடம் வேண்டுமானால் பேராசிரியர் சிபாரிசு செய்யவேண்டும், அதற்கு என் கட்டுரை துறைக் கருத்தரங்கில் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் கப்பலேற வேண்டியதுதான். திருவள்ளூர் வேலையை ராஜினாமா செய்துவிட்டு வந்திருந்தேன். ஊரில் எனக்கு மாப்பிள்ளை காத்திருந்தார், கணக்கு காத்திருக்கவில்லை. எனக்குக் கணக்குதான் வேண்டும். இதை அன்றைக்கு வாய்விட்டுச் சொல்ல பயந்தேன், இப்போது பயமில்லை.

கட்டுரையும் அருமையாக வந்திருந்தது. நோட்டில் இருந்த நாட்களை வரைபடத்தாளில் போட்டதும் பேராசிரியர் கிரே எழுந்து நின்றுவிட்டார். ஐந்தாம் நாளில் குணமானவர்கள் நிறைய, ஆறில் ஓரிருவர், ஏழில் மிக நிறைய, எட்டில் யாருமில்லை, ஒன்பதில் மறுபடி நிறைய. ஏற்றம், இறக்கம், ஏற்றம், இறக்கம். இரண்டு நாளுக்கு ஒரு அலை! உடம்பின் எதிர்ப்பு தாமதமாக வருகிறது, அதனால் வைரஸ் ஒருநாள் தலைதூக்கி ஒருநாள் அடங்குகிறது என்று முடிவுகட்டினோம். சமன்பாட்டில் தாமதத்தைச் சேர்த்து, அட்டைகளில் துளையிட்டு, பல்கலைக்கழகத்துப் பெரிய கணிப்பொறியில் கொடுத்தால் அச்சடித்தாற்போல அதே அலை வந்தது. சரோஜாவின் அலை என்று அதற்குத் துறையில் என் பெயரையே வைத்துவிட்டார்கள். தாமரையில் வீற்றிருக்கிற அலமேலுமங்கைத் தாயாருக்கு அடுத்தபடி என் பெயர்தான் என்று நான் மிதந்துகொண்டிருந்தேன்.

ஸூசனுக்கு வெள்ளிக்கிழமை கொப்புளம் கண்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குளியலறையில் தண்ணீர் திறக்கிற சத்தம் கேட்டு இறங்கிவந்தேன். கொப்புளங்கள் எல்லாம் நீர் கோத்து நிற்கின்றன, ஒன்றுகூடக் காயவில்லை, மிஸஸ் ஹாலம் பிள்ளையைத் தொட்டியில் இறக்கிக்கொண்டிருக்கிறார்.

"இன்னும் காயவே இல்லையே, இன்றைக்கு எதற்கு?" என்று பதறினேன்.

அவருக்கு என் கேள்வியே புரியவில்லை. "இன்று ஞாயிற்றுக்கிழமை" என்றார்.

"அதனால்?"

"ஞாயிற்றுக்கிழமைதானே குளியல்."

அதற்குமேல் ஒரு காரணம் இருக்கமுடியும் என்று அவருக்குத் தோன்றவில்லை. மாடியேறும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. உடம்பு என்ன நிலையில் இருந்தால் என்ன, இவர்களுக்குக் கிழமை கணக்கு. நம்மைப்போலவா, நாம் உடம்பைப் பார்த்து அல்லவா ஊற்றுகிறோம், காய்ந்தபிறகு ஒற்றைப்படை நாளாகப் பார்த்து...

நடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.  ஒற்றைப்படை. மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது. தலைக்குத் தண்ணீர் இரட்டைப்படை நாளில் ஊற்றமாட்டார்கள். கடம்பத்தூரிலும் ஊற்றமாட்டார்கள், கும்மிடிப்பூண்டியிலும் ஊற்றமாட்டார்கள், குப்பத்திலும் மாட்டார்கள். சீர்த்தட்டு ஒற்றைப்படை, வாசற்படி ஒற்றைப்படை, எனக்குப் பூ முடிந்துவிட்ட அத்தை எண்ணிய மல்லிகைச் சரம்கூட ஒற்றைப்படை. மூச்சு விடுவதைப்போல அதற்குள்ளேயே வளர்ந்ததால், நானூறு வீட்டு வாசலில் நின்று எழுதியும் என் கண்ணில் படவில்லை. வெள்ளைக்காரன் ஒருவன் அந்த நோட்டை எழுதியிருந்தால் பத்தாவது வீட்டிலேயே ஏன் எல்லாம் ஐந்தும் ஏழுமாக இருக்கிறது என்று கேட்டிருப்பான். இரண்டு வருடமாக நான் வரைந்துவைத்திருந்தது வைரஸின் அலை அல்ல, எங்கள் ஊர் வழக்கம். அன்றைக்கு வந்த வெட்கத்தை எழுத இப்போதும் காது சூடாகிறது.

மறுநாள் காலை பேராசிரியர் அறைக்குப் போய் நின்றபடியே சொன்னேன். அவர் நல்ல மனிதர், சத்தம் போடவில்லை. "இரட்டைப்படை நாள் ஆபத்து என்று உங்கள் டாக்டர்கள் சொல்கிறார்களா?" என்று கேட்டார். டாக்டர்கள் இல்லை, ஆபத்தும் இல்லை, ஒற்றைப்படை நல்லது, அவ்வளவுதான் என்றேன். இதை அடிக்குறிப்பாகப் போட்டால் போதாதா, அலை இவ்வளவு அழகாக இருக்கிறதே என்றார். எனக்கும் ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. இந்த நாட்டில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் எனக்குத் தெரியும், முனுசாமி அண்ணனுக்குத் தெரியும், அந்தக் குப்பத்து அம்மாளுக்குத் தெரியும். முடியாது என்றேன். அப்படியானால் அலைக்குப் பதிலாக வேறு ஏதாவது கொண்டுவா, கருத்தரங்குக்கு ஆறு வாரம் இருக்கிறது, வெறும் கையோடு வந்தால் மூன்றாவது வருடத்துக்கு நான் கையெழுத்துப் போடமுடியாது என்றார். சரி என்று வெளியே வந்தேன். அழவில்லை. வந்த வேலையை முடிக்காமல் ஊருக்குப் போவதில்லை என்று அந்த நடைவழியிலேயே முடிவுசெய்துவிட்டேன்.

வழி ஒன்று தெரிந்தது. கொப்புளம் காய்ந்தபின் வருகிற முதல் ஒற்றைப்படை நாளில்தான் எல்லோரும் ஊற்றுகிறார்கள் என்றால், ஏழாம் நாள் தண்ணீர் என்பதற்கு உடம்பு ஆறிலோ ஏழிலோ தேறியது என்று பொருள். இரண்டிரண்டு நாளாகச் சேர்த்துவிட்டால் வழக்கம் உதிர்ந்து உடம்பு மட்டும் மிஞ்சும். ஆனால் அப்படித்தான் ஊற்றுகிறார்களா, இல்லை இன்னும் நாலு நாள் போகட்டும் என்று தள்ளிவைக்கிறார்களா? தினமும் கண்ணால் பார்த்த ஒருவர் சொல்லவேண்டும். அன்றைக்கே முனுசாமி அண்ணனுக்கு நீல நிற விமானத் தபாலில் எழுதினேன். பங்குனி மாதம், அம்மை வருகிற காலம். போகிற வழியில் இருக்கிற வீடுகளில் தினமும் எட்டிப் பாருங்கள், காய்ந்த நாள் தனி, தண்ணீர் ஊற்றிய நாள் தனி, இரண்டு பத்தியாக எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தேன்.

பதில் வருவதற்குள் வேறொருத்தி வந்துவிட்டாள். ஸூசனுக்குக் கண்ட பதினேழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், கண்ணாடியில் என் கழுத்தில் மூன்று கொப்புளம் பார்த்தேன். எத்தனையோ வீட்டு வாசலில் நின்றபோது வராதவள், கடல் தாண்டி வந்து, கேக் தின்ற கட்டிலிலிருந்து என்னிடம் வந்தாள். காய்ச்சல் என்றால் அப்படி ஒரு காய்ச்சல். பெரியவர்களுக்கு வந்தால் கஷ்டம் என்று மிஸஸ் ஹாலம் சொன்னது சரிதான். இரண்டாம் நாள் உளறலில், அம்மா வந்திருக்கிறாள் என்று சொல்லி அவரிடம் வேப்பிலை கேட்டேனாம். அது எப்படி இருக்கும் என்று அவர் கேட்க, சின்னச் சின்ன இலை, கொத்துக் கொத்தாக இருக்கும் என்று கையால் காட்டினேனாம். கண் விழித்தபோது என் அறைக் கதவில், கொல்லைப்புறத்து வேலிச்செடியிலிருந்து வெட்டிய ஒரு கொத்து, சிவப்பு நாடாவில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. "இது போதுமா உன் அம்மாவுக்கு?" என்று கேட்டார். வேப்பிலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. போதும் என்றேன். அந்த வாரம் முழுவதும் கீழே சட்டியில் எதுவும் பொரியவில்லை. நான் கேட்கவில்லை. தாய்நாட்டை விட்டு வந்தபின் அன்றுதான் முதல் முறையாகத் தலையணையில் முகம் வைத்து அழுதேன்.

ஆனால் பென்சிலை விடவில்லை. ஒவ்வொரு காலையிலும் சிறு கண்ணாடியை வைத்துக்கொண்டு என் கையிலும் வயிற்றிலும் இருந்த கொப்புளங்களை எண்ணினேன். புதியது எத்தனை, நீர் கோத்தது எத்தனை, காய்ந்தது எத்தனை. எனக்கே நான் முனுசாமி அண்ணன். மிச்ச நேரத்தில் பழுப்பு நோட்டின் நாட்களை இரண்டிரண்டாகச் சேர்த்து வரைந்தேன். அலை போய்விட்டது. அதன் இடத்தில் மெதுவாக ஏறி மெதுவாக இறங்குகிற ஒரே ஒரு மேடு. தாமதம் இல்லாத பழைய எளிய சமன்பாடே அதற்குப் பொருந்தியது. ஏமாற்றமும் நிம்மதியும் ஒன்றாக வந்தன.

முனுசாமி அண்ணனின் கடிதம் கருத்தரங்குக்கு எட்டு நாள் முன்பு வந்தது. பதினோரு வீடு, இரண்டு பத்தி, பேனா மை கலங்கிய அவர் கையெழுத்து. அடியில் எழுதியிருந்தார்: "ஒத்தப்படைலதான் ஊத்துவாங்கன்னு உனுக்குத் தெரியாதா இன்னா? நீ கேக்கவே இல்ல, தெரிஞ்சிக்கினுதான் எழுதுறேன்னு நானும் இருந்துட்டேன். காஞ்ச ஒடனே வர்ற ஒத்தப்படைல ஊத்திடறாங்க, யாரும் தள்ளிப் போடல. ஒரு ஊட்ல மட்டும் மாமியாரு வரணும்னு ரெண்டு நாளு காத்துக்கினு இருந்தாங்க, அத்த தனியா கோடு போட்டு கீறேன். கும்மிடிப்பூண்டி பக்கம் பேக்டரிங்க வருதுன்னு நெலத்த அளந்துக்கினு கீறாங்க. நீ வர்றதுக்குள்ள ஊரு அடையாளம் தெரியாம பூடும். நைனா நல்லா கீறாரு. ஒடம்ப பாத்துக்கோ." பதினொன்றில் பத்து வீடு என் பக்கம். அந்தக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

கருத்தரங்கில் முதல் பத்து நிமிடம் என் தவறைத்தான் பேசினேன். சிலர் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பின்வரிசையில் ஒருவர், இனி மக்களிடம் கேட்டு எழுதிய எந்தக் கணக்கை நம்புவது என்று கேட்டார். மக்கள் பொய் சொல்லவில்லை, தண்ணீர் எப்போது என்று கேட்டேன், தண்ணீரைத்தான் சொன்னார்கள், உடம்பைப் பற்றி நான் கேட்கவே இல்லை என்றேன். பேராசிரியர் கிரே அப்போது தலையை ஆட்டியதைப் பார்த்தேன். மூன்றாவது வருடம் கிடைத்தது. அதற்குப் பிறகும் வருடங்கள் கிடைத்தன. நைனாவிடம் நானே எழுதி, திட்டு வாங்கி, மாப்பிள்ளையைக் காக்கவைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்றும் இங்கேதான் இருக்கிறேன், இதே கணக்கோடு.

ஒன்றை மட்டும் அந்த அரங்கில் சொல்லவில்லை. ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களிடமும், என்னைப்போல் இங்கே வந்து சேர்ந்தவர்களிடமும் சொல்லலாம். எனக்கு அம்மை கண்ட எட்டாம் நாள், கடைசிக் கொப்புளமும் காய்ந்துவிட்டது. கண்ணாடியில் இரண்டு முறை பார்த்தேன். நோட்டில் எழுதியும் விட்டேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் மிஸஸ் ஹாலம் தொட்டியில் வெந்நீர் நிரப்பிவிட்டு மாடிக்கு வந்து, "தண்ணீர் தயார், இறங்கி வா" என்றார். எட்டுக்கும் ஒன்பதுக்கும் உடம்பில் ஒரு வித்தியாசமும் இல்லை என்று அந்த வாரம்தான் பக்கம் பக்கமாக எழுதிக் காட்டியிருந்தேன். கட்டிலை விட்டு எழுந்தேன், துண்டை எடுத்தேன், படி வரைக்கும் வந்தேன்.

"நாளைக்கு" என்றேன்.

"நாளை திங்கட்கிழமை" என்றார் அவர், திடுக்கிட்டு.

"தெரியும்."

 பிறகு அவர் இறங்கிப் போய்த் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டார். அந்த வீட்டில் அதுவரை எந்தத் திங்கட்கிழமையும் யாரும் குளித்ததில்லை. மறுநாள் காலை அவர் மறுபடி வெந்நீர் போட்டார். என் பெட்டியின் அடியில் இருந்த மஞ்சள்தூளைக் கரைத்தேன், அவர் கதவிலிருந்து வேலிச்செடிக் கொத்தை அவிழ்த்துவந்து தண்ணீரில் போட்டார். வீட்டில் சொம்பு இல்லை. பால் ஊற்றி வைக்கிற பீங்கான் ஜாடியில் மொண்டு, மூன்று முறை அவரே என் தலையில் ஊற்றினார். மஞ்சள் தண்ணீர் வெள்ளைத் தொட்டியில் இறங்கி ஓடியது.

ஈரத்தலையோடு மாடிக்கு வந்து நோட்டைத் திறந்தேன். நானூறு வீட்டுக்குக் கீழே கடைசி வரியாக என் வரி. உடம்பு என்ற பத்தியில் எட்டு ஏற்கெனவே இருந்தது. தண்ணீர் என்ற பத்தியில் ஒன்பது என்று எழுதினேன்.